தீபாவளி பார்சல், ஹாட்லைன் போஸ்டர், கோட் ஆஃப் கான்டக்ட்: உங்க ஆஸ்பத்திரில நிஜமா என்ன நடக்குது?

வார்டு_அக்கா_சாட்ஸ்வொர்த்

வணக்கம் எல்லாருக்கும். தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில யூனிட் மேனேஜரா இருக்கேன், பேர் வேணாம். போன வாரம் கம்ப்ளையன்ஸ் ட்ரெய்னிங்னு (சட்டம், விதிப்படி நடந்துக்கறது பத்தி) எல்லாரையும் உக்கார வச்சு ஸ்லைடு ஓட்டினாங்க, புது கோட் ஆஃப் கான்டக்ட், அதாவது நடத்தை விதி புக்லெட் ஒண்ணு கையில குடுத்து கடைசி பக்கத்துல கையெழுத்து வாங்கிட்டாங்க. நைட் ஷிஃப்ட் முடிச்சிட்டு வந்த பிள்ளைங்க பாதி தூக்கத்துல கையெழுத்த போட்டுட்டு டாக்சி பிடிக்க ஓடிடுச்சுங்க, ஒரு பக்கம் படிச்சிருப்பாங்களான்னு தெரியல.

எனக்கு ரெண்டு விஷயம் மனசுல உறுத்துது. ஒண்ணு தீபாவளி. எங்க ஆப்பரேஷன் தியேட்டருக்கு க்ளவுஸ், தையல் நூல் சப்ளை பண்ற கம்பெனி ரெப் வருஷா வருஷம் பெரிய தட்டு நிறைய ஸ்வீட்மீட்ஸ், கூடவே ஆளுக்கொரு ஹேம்பர்னு கொண்டு வந்து இறக்குவாரு. புது ரூல் படி சப்ளையர்கிட்ட வாங்குற பரிசு எல்லாத்தையும் ரெஜிஸ்டர்ல எழுதணும், ஆர்டர் முடிவு பண்றவங்க வாங்கவே கூடாது. சரி. ஆனா டிஸ்சார்ஜ் ஆகிப் போன ஒரு ஆயாவோட மகன் நன்றி சொல்ல ஒரு பானை பிரியாணிய தூக்கிட்டு வந்து நர்ஸ் ஸ்டேஷன்ல வைக்கிறாரே, அவர்கிட்ட "ஃபார்ம் நிரப்புங்க"ன்னு எப்படி சொல்றது?

ரெண்டாவதுதான் பெருசு. தப்பு நடந்தா புகார் சொல்ற ஹாட்லைன் நம்பர் போட்ட போஸ்டர எங்க ஒட்டியிருக்காங்க தெரியுமா, நர்சிங் மேனேஜர் ரூம் கதவுக்குப் பக்கத்துல, நேர் மேல கேமரா. அந்த நம்பர எழுதிக்க யாராவது அங்க ரெண்டு நிமிஷம் நின்னாலே மத்தியானம் டீ டைம்குள்ள வார்டு முழுக்க தெரிஞ்சிடும். உங்க இடத்துல எல்லாம் எப்படி?

ஜோபர்க்_பார்மசி

அக்கா, பிரியாணிக்கும் ஹேம்பருக்கும் உள்ள வித்தியாசம் நேரத்துலதான் இருக்கு. நோயாளி வைத்தியம் முடிஞ்சு போயிட்டாரு, அவருக்கு உங்ககிட்ட இனிமே ஆகவேண்டியது ஒண்ணும் இல்ல, எல்லாரும் சேர்ந்து சாப்பிடுங்க, ஒரு வரி எழுதி வைங்க, முடிஞ்சது. ரெப் அப்படியா, அடுத்த மாசம் ஆர்டர் புதுப்பிக்கணும், அதுக்கு முன்னாடிதான் தட்டு வருது. தட்டுல இருக்குற லட்டு விலை என்னவா வேணா இருக்கட்டும், தியேட்டர் சிஸ்டர் அடுத்த வாரம் அவர்கிட்ட "உங்க க்ளவுஸ் கிழியுது"ன்னு சொல்ல தயங்குவாங்களா இல்லையா, அத மட்டும் பாருங்க.

நம்ம நாட்டுல மருந்து விஷயத்துல சட்டமே ரொம்ப கறாரா இருக்கு, நிறைய பேருக்குத் தெரியறதில்ல. மெடிசின்ஸ் ஆக்ட் 18ஏ பிரிவுல போனஸ், ரிபேட், இன்சென்டிவ் எந்த பேர்லயும் மருந்து சப்ளை பண்ணக்கூடாதுன்னு இருக்கு. 2004-ல சிங்கிள் எக்ஸிட் ப்ரைஸ் வந்ததுல இருந்து தயாரிப்பாளர் எல்லா பிரைவேட் கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஒரே விலைக்குத்தான் தரணும், பெரிய ஆளுக்கு தனி டிஸ்கவுண்ட் கிடையாது. அதனால என்ன ஆச்சுன்னா, விலையில குடுக்க முடியாதத வேற வழியில குடுக்கப் பாத்தாங்க: டேட்டா ஃபீ, மார்க்கெட்டிங் ஃபீ, ஷெல்ஃப்ல நல்ல இடத்துல வைக்க ஒரு ஃபீ, டாக்டருக்கு கான்ஃபரன்ஸ் டிக்கெட். டாக்டர்களுக்குன்னா அவங்கள பதிவு பண்ற கவுன்சில் ஹெச்பிசிஎஸ்ஏவோட 11-ஆம் புக்லெட் முழுக்க இதுதான், தேவையில்லாத டெஸ்ட் எழுதுறது, கமிஷன், பெர்வர்ஸ் இன்சென்டிவ் (தப்பு பண்ணத் தூண்டுற சலுகை) எல்லாம் அதுல இருக்கு. உங்க புக்லெட்ல இருக்குற கிஃப்ட் பகுதி ஏதோ ஆபீஸ்ல உக்காந்து யோசிச்சு எழுதினது இல்ல, இதோட வால்தான்.

ஆனா ஒண்ணு சொல்றேன், இந்த ட்ரெய்னிங் எல்லாம் திடீர்னு ஏன் வருதுன்னு நினைக்கிறீங்க? 2024 ஏப்ரல் 3-ல இருந்து ஊழல் தடுப்புச் சட்டத்துல 34ஏ பிரிவு வந்திருக்கு. கம்பெனி சார்பா யாராவது லஞ்சம் குடுத்தா கம்பெனியும் குற்றவாளி, தடுக்கறதுக்கு போதுமான நடைமுறை வச்சிருந்தோம்னு காட்டினா மட்டும்தான் தப்பிக்கலாம். அதனால உங்க கையெழுத்து அவங்களோட கவசம். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா "பாருங்க, நாங்க சொல்லிக் குடுத்தோம், இந்தம்மா கையெழுத்து போட்டிருக்காங்க"ன்னு அந்தப் பக்கத்த எடுத்து நீட்டுவாங்க. எனக்கு இந்த புரோகிராம்ல பெரிய நம்பிக்கை இல்ல.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_மாமா

தம்பி சொன்னதுல பாதிய ஒத்துக்கிறேன். அரசாங்க சுகாதாரத்துல ஃபைனான்ஸ், உள் தணிக்கைன்னு இருந்து ரிடையர் ஆனவன் நான். கவசம்னாலும் அது அவங்களுக்குத் தேவைப்படுற கவசம், அதனால அதுல ஓட்டை இருக்குன்னு நீங்க எழுத்துல காட்டினா அவங்க காது குடுத்துத்தான் ஆகணும். "போஸ்டர் கேமராவுக்குக் கீழ இருக்கு, இத யாரும் பயன்படுத்த மாட்டாங்க"ன்னு ஒரு மெயில் போனா, போதுமான நடைமுறைன்னு நாளைக்கு கோர்ட்ல சொல்ல முடியாதே. பத்து வருஷத்துக்கு முன்னாடி இந்த பிடி நம்ம கையில இல்ல.

ஆனா விதி எழுதி வச்சா போதும்னு யாராவது நினைச்சா டெம்பிசாவ பாக்கணும். அரசாங்க ஊழியருக்கு 2016 பப்ளிக் சர்வீஸ் ரெகுலேஷன்ல தனி அத்தியாயமே கோட் ஆஃப் கான்டக்ட்தான், பரிசு வாங்கக் கூடாது, அரசாங்கத்தோட வியாபாரம் பண்ணக் கூடாது எல்லாம் இருக்கு, 1997-ல வந்த பாத்தோ பேலே (மக்களே முதல்) கொள்கை எல்லா ஆபீஸ் சுவத்துலயும் ஃப்ரேம் போட்டு தொங்குது. இத்தனை இருந்தும் டெம்பிசா ஆஸ்பத்திரில என்ன நடந்துச்சு? அப்போ 500,000 ராண்டுக்கு மேல போனா டெண்டர் விடணும்னு இருந்துச்சு, அதுக்குக் கீழன்னா மூணு கொட்டேஷன் போதும். அதனால எல்லா ஆர்டரையும் அந்த கோட்டுக்குக் கொஞ்சம் கீழ வர்ற மாதிரி வெட்டி வெட்டிப் போட்டாங்க. குழந்தைகளுக்குன்னு ஸ்கின்னி ஜீன்ஸ், ஒண்ணு 2,500 ராண்ட். பேப்பர்ல பாத்தா ஒவ்வொரு ஃபைலும் சுத்தம், மூணு கொட்டேஷன் இருக்கு, கையெழுத்து இருக்கு, டெலிவரி நோட் இருக்கு. தனித்தனியா பாக்குறவனுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாத்தையும் ஒரே மேசையில பரப்பிப் பாக்குறவனுக்குத்தான் தெரியும்.

அப்படி பரப்பிப் பாத்தவங்க பபிதா தேவ்கரன். டெம்பிசா இருக்குற கௌடெங் மாகாண சுகாதாரத் துறையில ஃபைனான்ஸ்ல பெரிய பொறுப்புல இருந்தவங்க. சந்தேகமான பேமென்ட் சுமார் 850 மில்லியன் ராண்ட்னு மேல எழுதினாங்க, பேமென்ட நிறுத்தச் சொன்னாங்க. மேல இருந்து பாதுகாப்பு வரல. 2021 ஆகஸ்ட் 23, பிள்ளைய ஸ்கூல்ல விட்டுட்டு வந்து வீட்டு வாசல்ல கார நிறுத்தும்போது சுட்டுக் கொன்னுட்டாங்க. அந்தக் கொலையில சம்பந்தப்பட்ட ஆறு பேருக்கு 2023-ல 6 வருஷத்துல இருந்து 22 வருஷம் வரைக்கும் தண்டனை ஆச்சு. அந்தம்மா கோட் ஆஃப் கான்டக்ட்ல சொன்னத ஒரு எழுத்து விடாம செஞ்சவங்க. செஞ்ச பிறகு அவங்கள காப்பாத்த வேண்டியது யாரு பொறுப்புன்னு எந்த புக்லெட்லயும் இல்ல. இத நினைச்சா இன்னிக்கும் எனக்கு ஆத்திரம் அடங்கறதில்ல.

அதனால புக்லெட் எத்தனை பக்கம்னு நான் பாக்க மாட்டேன். முதல்ல புகார் குடுத்த ஆளு இன்னிக்கு எங்க இருக்காரு, அதே வேலையில இருக்காரா, பதவி உயர்வு வந்துச்சா, இல்ல தூரத்து கிளினிக்குக்குத் தூக்கிப் போட்டாங்களா, அததான் கேப்பேன்.

பில்லிங்_பீனிக்ஸ்

மாமா சொன்னத படிச்சிட்டு கொஞ்ச நேரம் ஒண்ணும் எழுதத் தோணல.

நான் ஒரு டாக்டர் ப்ராக்டிஸ்ல மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) க்ளெய்ம் போடுற வேலை பாக்குறேன். எங்க மாதிரி சின்ன இடத்துல கோட் ஆஃப் கான்டக்ட்னு புக்லெட்டே கிடையாது, ஆனா தப்பு நடக்குற இடம் எங்க மேசைதான். என்ன நோய்னு குறிக்கிற ஐசிடி-10 கோட் ஒரு எழுத்து மாறினா மெடிக்கல் எய்ட் காசு குடுக்கும், மாறலேன்னா நோயாளி கையில இருந்து குடுக்கணும். நோயாளியே கெஞ்சுவாங்க, "கண்ணு, வேற ஏதாவது கோட் போடும்மா, இந்த மாசம் முடியல"ன்னு. சொந்தக்காரங்க இன்னும் மோசம், அண்ணன் கார்டுல தம்பிக்கு வைத்தியம் பாக்கச் சொல்லுவாங்க, முடியாதுன்னா கல்யாண வீட்டுல முகம் குடுத்துப் பேச மாட்டாங்க. அவங்களுக்கு அது திருட்டா தெரியறதில்ல, பெரிய கம்பெனி காசுதானேன்னு நினைப்பு. ஆனா தம்பியோட சர்க்கரை வியாதி அண்ணன் பேர்ல ரெக்கார்ட் ஆயிடுச்சுன்னா நாளைக்கு அண்ணன் மயங்கி விழுந்து கேஷுவாலிட்டிக்குப் போகும்போது டாக்டர் தப்பான ஃபைல பாத்துதான் மருந்து குடுப்பாரு. நான் இதச் சொல்லித்தான் மறுக்குறேன், சட்டத்த சொன்னா யாரும் கேக்கறதில்ல. சட்டமும் இருக்கு, மெடிக்கல் ஸ்கீம்ஸ் ஆக்ட் 66-ஆம் பிரிவுல பொய் க்ளெய்ம் கிரிமினல் குற்றம்.

டாக்டரே கோட மாத்தச் சொன்னா என்ன பண்றது, அதுக்கு ஒரு வழி வச்சிருக்கேன், என்ன மாதிரி இருக்குறவங்களுக்கு உதவும்: மாட்டேன்னு சண்டை போடாதீங்க, "டாக்டர், நோட்ஸ்ல அந்த டயக்னோசிஸ் இல்ல, இருந்தா நீங்களே எழுதி தேதி போட்டு கையெழுத்து போட்டுக் குடுங்க, அப்புறம் மாத்துறேன்"ன்னு ஒரு சின்ன மெயில் அனுப்புங்க. நிஜமாவே எழுத மறந்திருந்தா எழுதிக் குடுப்பாரு. இல்லேன்னா அந்தப் பேச்சே அதோட நின்னுடும். ஏன்னா சிஸ்டத்துல க்ளெய்ம் போறது உங்க லாகின்ல, மெடிக்கல் எய்டோட மோசடி விசாரிக்கிற ஆளுங்க முதல்ல பாக்குறது அந்த பேரத்தான்.

யாழ்_டொக்டர்

எல்லாருக்கும் வணக்கம். நான் ஈஸ்டர்ன் கேப்பில அரசாங்க ஆஸ்பத்திரியில வேலை செய்யிறன். பில்லிங் தங்கச்சி சொன்னது நூறு வீதம் சரி.

காசு சம்பந்தப்பட்டதை மட்டும் கதைக்கிறம், உயிர் சம்பந்தப்பட்டதும் இதுக்குள்ளதான் வரும். லைஃப் எசிடிமேனி மனநல பராமரிப்பு நிலையங்கள் ஞாபகம் இருக்குதானே. காசு மிச்சம் பிடிக்கிறம் எண்டு கௌடெங் சுகாதாரத் துறைக்காரர் அங்க இருந்த மனநோயாளரை 2016-இல லைசன்ஸ் செல்லாத அமைப்புகளுக்கு லொறியில ஏத்தினமாதிரி ஏத்தி அனுப்பினவை, 144 பேர் செத்துப்போச்சினம். 2017 பெப்ரவரியில வந்த ஹெல்த் ஒம்பட் (சுகாதாரப் புகார்களை விசாரிக்கிற அதிகாரி) பேராசிரியர் மக்கோபாவின்ர அறிக்கை, அவையள் அனுப்பின 27 அமைப்புக்கும் செல்லுபடியான லைசன்ஸ் இல்லை எண்டு சொல்லிச்சுது. இதில முக்கியமான விசயம் என்னெண்டால், யாரும் சொல்லாமல் விட்டதால நடந்ததில்லை. மனநல மருத்துவர் சங்கம் சொன்னது, குடும்பங்கள் சொன்னது, கோட்டுக்கும் போனவை. சொன்னதைக் கேக்கவேண்டிய கதிரையில இருந்தவைதான் முடிவையும் எடுத்தவை.

பேந்து 2022-இல ஜொகன்னஸ்பர்க்கில ரஹீமா மூசா ஆஸ்பத்திரி குழந்தை வைத்தியர் டிம் டி மாயர், வசதியில்லாமல் பிள்ளையள் சாகினம் எண்டு பகிரங்கக் கடிதம் எழுதினவர். முதல்ல அவரை இடைநிறுத்தினவை. நாடே எழும்பிச் சத்தம் போட்ட பிறகு சில நாளில திருப்பி எடுத்தவை. அவருக்கு ஒரு பேர் இருந்தது, பத்திரிகை இருந்தது. என்ர வார்டில வேலை செய்யிற ஒரு கிளீனருக்கு அது இருக்கா?

இன்னொண்டு, வார்டு வட்சப் குரூப். தனிப்பட்ட தகவலைப் பாதுகாக்கிற போப்பியா சட்டம் 2021 ஜூலை 1-இல இருந்து கறாரா நடைமுறையில இருக்கு, உடல்நலத் தகவல் தனி வகை, அபராதம் 10 மில்லியன் ராண்ட் வரைக்கும் போகலாம். அப்பிடியிருந்தும் எக்ஸ்ரே, காயத்தின்ர படம், சில நேரம் கட்டில் இலக்கத்தோட ஆளின்ர பேரும் தெரிய, எல்லாம் குரூப்பில ஓடுது. ஏனெண்டால் ராத்திரி ரெண்டு மணிக்கு ஸ்பெசலிஸ்டைக் கேக்க வேற வழியை ஆஸ்பத்திரி தரேல்லை. செய்யாதே எண்டு மட்டும் எழுதிப்போட்டு செய்யவேண்டிய வழியைத் தராமல் விட்டால் வேலை செய்யிறவன்தான் குற்றவாளி ஆவான். இந்த விசயத்தில எனக்கு ஜோபர்க் தம்பியின்ர கோவம் நல்லா விளங்குது.

ஏஜென்சி_நர்ஸ்

நான் இங்க எழுதுறது இதுதான் முதல் தடவை. தப்பா இருந்தா அட்மின் தூக்கிடுங்க.

நான் ஏஜென்சி மூலமா வெவ்வேற ஆஸ்பத்திரில ஷிஃப்ட் பாக்குறவ. ஒரு இடத்துல ராத்திரி ஷிஃப்ட்ல ஷெட்யூல் 6 (மார்ஃபின் மாதிரி கட்டுப்பாடுள்ள மருந்து) ரெஜிஸ்டர்ல ரெண்டாவது கையெழுத்து போடச் சொன்னாங்க. உங்களுக்கெல்லாம் தெரியும், மார்ஃபின் ஆம்ப்யூல்ல பாதி குடுத்துட்டு மிச்சத்த கொட்டும்போது ரெண்டு பேர் இருக்கணும், கொட்டுறத கண்ணால பாத்துட்டுத்தான் ரெண்டாவது ஆள் கையெழுத்து போடணும். அந்த சிஸ்டர் ஏற்கனவே கொட்டிட்டேன்னு சொல்லி ரெஜிஸ்டர நீட்டினாங்க. முன்னாடி பக்கங்கள புரட்டினா அதே மாதிரி, எப்பவும் அதே முதல் கையெழுத்து, எப்பவும் மிச்சம் கொட்டினதாவே இருக்கு. நான் பாக்கலக்கா, போட முடியாதுன்னு மரியாதையாத்தான் சொன்னேன். காலையில ஷிஃப்ட் லீடர்கிட்டயும் சொல்லிட்டு வந்தேன். அதுல இருந்து அந்த ஆஸ்பத்திரில இருந்து எனக்கு ஷிஃப்ட் வரல, ஏஜென்சில கேட்டா "அவங்க உன்ன கேக்கல"ன்னு மட்டும் சொல்றாங்க.

எனக்கு வீட்டு வாடகை இருக்கு, அம்மா இருக்காங்க. நான் ஊழியரே இல்லையே, எனக்கு அந்த ஹாட்லைன் பொருந்துமா? அந்த சிஸ்டர மாட்டி விடணும்னு எனக்கு ஆசை இல்ல, அவங்களுக்கே ஏதோ உடம்பு பிரச்சனையா இருக்கலாம், ஆனா வலியில இருக்குற நோயாளிக்கு மருந்து முழுசா போகுதான்னு யோசிச்சா தூக்கம் வரல.

வார்டு_அக்கா_சாட்ஸ்வொர்த்

கண்ணு, நீ செஞ்சது சரி. யூனிட் மேனேஜரா சொல்றேன், என் வார்டுல ஒரு ஏஜென்சி பிள்ளை இப்படி நின்னா நான் அவளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டு வாங்குவேன். அந்த சிஸ்டரப் பத்தி நீ யோசிச்சதும் சரிதான், போதைக்கு அடிமையான நர்ஸுக்கு வைத்தியம் வேணும், அத மறைச்சு வச்சா ஒரு நாள் அந்தப் பொண்ணே ஓவர்டோஸ்ல போயிடும். நான் பாத்திருக்கேன், அதுக்கு மேல இங்க எழுத விரும்பல.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_மாமா

பொருந்தும்மா, கண்டிப்பா பொருந்தும். தப்ப வெளிய சொல்றவங்கள பாதுகாக்குற 2000-ஆம் வருஷத்து ப்ரொடெக்டட் டிஸ்க்ளோஷர்ஸ் ஆக்ட 2017-ல திருத்தினாங்க, அதுக்கப்புறம் நிரந்தர ஊழியர் மட்டும் இல்ல, ஏஜென்சி மூலமா வர்றவங்க, கான்ட்ராக்டர் எல்லாரும் உள்ள வந்துட்டாங்க. நீ வேலை பாத்த ஆஸ்பத்திரி, உன் ஏஜென்சி ரெண்டும் சேர்ந்து பழிவாங்கினா ரெண்டுக்குமே பொறுப்பு உண்டு. ஷிஃப்ட் குடுக்காம நிறுத்துறதும் பழிவாங்கல்தான்.

ஆனா வாயால சொன்னத அவங்க இல்லேன்னுடுவாங்க. இப்ப எழுத்துல குடு. ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கும் ஏஜென்சிக்கும் ஒரே நாள்ல மெயில், அதுல "இது ப்ரொடெக்டட் டிஸ்க்ளோஷர்"னு முதல் வரியிலயே போடு. சட்டப்படி விசாரிக்கப் போறாங்களா இல்லையான்னு 21 நாளுக்குள்ள உனக்கு எழுத்துல சொல்லணும், முடிவெடுக்க முடியலேன்னா அதையும் எழுத்துல சொல்லணும். யூனியன்லயோ வக்கீல்கிட்டயோ ஆலோசனை கேக்குறதுக்காக நீ இத சொன்னா அதுக்கும் பாதுகாப்பு உண்டு, அதனால தனியா உக்காந்து பயப்படாத.

ஜோபர்க்_பார்மசி

தங்கச்சி, பார்மசி பக்கத்துல இருந்து ஒரு விஷயம். ஆஸ்பத்திரியோட பொறுப்பு பார்மசிஸ்டுக்கும் அந்த மெயில்ல காப்பி போடு. ஷெட்யூல் 6 ஸ்டாக் கணக்குக்கு அவர் பதில் சொல்லியாகணும், வார்டுக்கு எத்தனை ஆம்ப்யூல் போச்சு, நோயாளி சார்ட்ல எத்தனை மில்லிகிராம் எழுதியிருக்குன்னு ரெண்டையும் சேர்த்துப் பாத்தா ஒரே நாள்ல தெரிஞ்சிடும், உன் வார்த்தைக்கு எதிரா அவங்க வார்த்தைன்னு நிக்காது. நர்சிங் மேனேஜர்கிட்ட மட்டும் போனா உள்ளுக்குள்ளயே அமுங்கிடலாம்.

இத சொல்லும்போதுதான் தோணுது, அமெரிக்காவுல சுகாதாரத் துறையோட இன்ஸ்பெக்டர் ஜெனரல் ஆபீஸ் 1998-லயே ஆஸ்பத்திரிகளுக்கு கம்ப்ளையன்ஸ் வழிகாட்டி போட்டாங்க, 2023 நவம்பர்ல எல்லாருக்கும் பொதுவா புதுசா ஒண்ணு வந்துச்சு. அதுல எனக்குப் பிடிச்ச இடம், கம்ப்ளையன்ஸ் ஆபீசர் லீகல் டிபார்ட்மென்டுக்கோ ஃபைனான்ஸுக்கோ கீழ இருக்கக் கூடாது, நேரா சிஇஓவுக்கோ போர்டுக்கோ பதில் சொல்லணும்னு இருக்கு. அந்த ஊர் சட்டம் நமக்கு இல்ல, ஆனா யாழ் டொக்டர் சொன்ன, கேக்க வேண்டியவங்களே முடிவும் எடுக்குற கதிரை பிரச்சனைக்கு இதுதான் மருந்து. வார்டு அக்கா, உங்க ஹாட்லைன எடுக்குறது வெளி கம்பெனியா, இல்ல உங்க ஹெச்ஆர் ரூம் போனா? முதல்ல அத கேளுங்க.

லெனேஷியா_வாசகி

நான் ஆஸ்பத்திரி வேலைல இல்ல, எங்க மாமியார் நிறைய நாள் வார்டுல இருந்தாங்க. எங்க மாதிரி வெளியாளுங்க எங்க சொல்றது? வாசல்ல புகார் பெட்டி இருக்கும், சாவி யாருகிட்டன்னு கேட்டா யாருக்கும் தெரியாது.

யாழ்_டொக்டர்

அக்கா, அரசாங்க ஆஸ்பத்திரியெண்டால் புகாருக்கு 25 வேலை நாளுக்குள்ள முடிவு சொல்லவேணும் எண்டு தேசிய வழிகாட்டி இருக்கு, குடுக்கேக்க ஒரு குறிப்பு இலக்கம் கேட்டு வாங்குங்கோ, அதுதான் முக்கியம். அதுக்குப் பிறகும் பதில் இல்லாட்டி ஹெல்த் ஒம்பட்டுக்கு எழுதலாம், தனியார் ஆஸ்பத்திரியைப் பற்றியும் எழுதலாம். டொக்டர் தனிப்பட்டமுறையில பிழை விட்டால் ஹெச்பிசிஎஸ்ஏ, நர்ஸ் எண்டால் நர்சிங் கவுன்சில்.

ஏஜென்சி_நர்ஸ்

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. மெயில் அனுப்பிட்டேன், மாமா சொன்ன மாதிரி முதல் வரி, ஜோபர்க் அண்ணா சொன்ன மாதிரி பார்மசிஸ்டுக்கும் காப்பி. பார்மசிஸ்ட்கிட்ட இருந்து சாயங்காலமே பதில் வந்துச்சு, ரெஜிஸ்டர எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன்னு. ஏஜென்சி இன்னும் வாய் திறக்கல. வேற ஒரு ஏஜென்சிலயும் பேர் குடுத்திருக்கேன்.

ஒரு சந்தேகம், அன்னிக்கு அந்தப் பக்கத்த போன்ல போட்டோ எடுத்திருந்தா ஆதாரமா இருந்திருக்கும்னு தோழி சொல்றா. அடுத்த தடவை எடுக்கலாமா?

வார்டு_அக்கா_சாட்ஸ்வொர்த்

மாமாவே சொல்லட்டும். அதுக்குள்ள என் விஷயம்: ஹாட்லைன் வெளி கம்பெனிதான் எடுக்குதுன்னு தெரிஞ்சது, ஆனா அவங்க அனுப்புற ரிப்போர்ட் முதல்ல எங்க ஆஸ்பத்திரி மேனேஜருக்கே வருது, புகார் அவர் மேலயே இருந்தாலும். வியாழக்கிழமை மீட்டிங்ல நான் கேக்கப் போறது: போஸ்டர ஸ்டாஃப் டாய்லெட் கதவு உள்பக்கம் ஒட்டணும், மேனேஜர் மேல வர்ற புகார் ஹெட் ஆபீசுக்கு நேரா போகணும், மூணு மாசத்துக்கு ஒரு தடவை எத்தனை புகார் வந்துச்சு, என்ன ஆச்சுன்னு பேர் இல்லாம நோட்டீஸ் போர்டுல போடணும். நைட் ஷிஃப்ட் ஆளுங்களுக்கு ட்ரெய்னிங் ட்யூட்டி நேரத்துலயே நடக்கணும். ரெப்புக்கு போன் பண்ணி இந்த வருஷம் தட்டு வேணாம்னு சொல்லிட்டேன், கோவிச்சுக்கல, எல்லா ஆஸ்பத்திரிலயும் இதே சொல்றாங்க அக்கான்னாரு. பிரியாணி வந்தா சாப்பிடுவோம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்_மாமா

அந்த மூணாவது கோரிக்கைய விட்டுடாதீங்கம்மா, மத்தத குடுத்துட்டு அதத்தான் மறுப்பாங்க.

ஏஜென்சி பிள்ளைக்கு: போட்டோ வேணாம். ரெஜிஸ்டர்ல நோயாளி பேர் இருக்கும், அது உன் சொந்த போன்ல இருந்தா அவங்க புகார விட்டுட்டு போப்பியாவ வச்சு உன்னையே குற்றவாளி ஆக்கப் பாப்பாங்க. வீட்டுக்கு வந்ததும் ஒரு நோட்டுல எழுதி வை: தேதி, நேரம், வார்டு, ரெஜிஸ்டர் புக் நம்பர், பக்கம் நம்பர், யார் என்ன சொன்னாங்க, நீ யார்கிட்ட சொன்ன. புக் அவங்ககிட்டதான் இருக்கு, பக்கத்த கிழிச்சா வரிசை நம்பர் காட்டிக் குடுத்துடும். 21 நாள் முடிஞ்சும் எழுத்துல ஒண்ணும் வரலேன்னா இங்க சொல்லு, அடுத்து யாருக்கு எழுதணும்னு நான் டிராஃப்ட் போட்டுத் தரேன்.